காடு இருக்கிறது, வழிதான் இல்லை: மலைச் சுற்றுலா விலங்குகளை என்ன செய்கிறது?

குன்னூரில் காட்டெருமை தெருவில் நடந்து போவது இப்போதெல்லாம் செய்தியே இல்லை. கோத்தகிரிப் பக்கம் கரடி பேக்கரிக் கதவை உடைத்தது, வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது சிசிடிவியில் பதிவானது என்று நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி ஏதாவது வந்துவிடுகிறது. சமவெளியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "காடு நல்லா இருக்கு, அதான் மிருகம் பெருகிடுச்சு" என்பார்கள் சிலர். "காட்டை அழிச்சிட்டாங்க, பாவம் அதுங்க எங்க போகும்" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் காட்டெருமை ஏன் மார்க்கெட் ரோட்டில் நிற்கிறது என்பதற்கு இரண்டுமே பதில் சொல்வதில்லை.

விலங்குக்குக் கேடு என்றால் மரம் வெட்டுவதும் வேட்டையும்தான் நமக்கு உடனே நினைவுக்கு வரும். மலைச் சுற்றுலா ஊர்களில் கேடு பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது. ஒரு கம்பி வேலி, ஒரு ஃபோகஸ் லைட், சமையல்கட்டுக்குப் பின்னால் கொட்டிய சோறு, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புகிற ஜீப். தனித்தனியாகப் பார்த்தால் யார் மீதும் கேஸ் போடத் தோன்றாத விஷயங்கள். ஆல்ப்ஸ், ராக்கி, இமயமலை என்று எங்கே போனாலும் இதே கதைதான், விலங்கின் பெயர் மட்டும் மாறும். நமக்குத் தெரிந்த நீலகிரியை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

சமதளத்துக்குப் போட்டி

நீலகிரி மாவட்டத்தின் வரைபடத்தில் பாதிக்கு மேல் பச்சைதான். ஆனால் அந்தப் பச்சை முழுவதும் யானையோ காட்டெருமையோ நடக்கக்கூடிய நிலம் கிடையாது. செங்குத்துச் சரிவையும் பாறையையும் பள்ளத்தாக்கையும் கழித்துவிட்டால், தண்ணீரும் புல்லும் உள்ள மிதமான நிலம் கொஞ்சம்தான் மிஞ்சும். வீடு கட்டவும் ரோடு போடவும் கேரட் போடவும் மனிதனுக்கு வேண்டியதும் அதே கொஞ்சம்தான்.

ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார். 1822-ல் அவருடைய ஸ்டோன்ஹவுஸ் பங்களா வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஓடைகளை மறித்து ஏரி உண்டாக்கினார்கள். பின்னால் ஏரி சுருங்கச் சுருங்க, நீர் வற்றிய இடத்தில் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. இன்று ஊரின் நடுவில் நாம் பஸ் ஏறுகிற இடம் ஒரு காலத்தில் ஈரம் காயாத தாழ்நிலம். கோடையில் மலைமேல் தண்ணீர் நிற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். விலங்கு இறங்கி வருவதும் அங்கேதான்.

உச்சிக்கு நேர்ந்தது வேறு கதை. நீலகிரி உச்சியின் இயல்பான தோற்றம் புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் அங்கங்கே சோலைக்காடு. மரம் இல்லாததால் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதிய வெள்ளைக்காரர்கள், அதில் தேயிலையும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், சீகை எனப்படும் வாட்டில் மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் உடனே நிற்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் மரங்களும் இப்படி நட்டவைதான். புல்வெளியையே நம்பியிருந்த வரையாட்டுக்கு நீலகிரியில் இன்று மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம், 78 சதுர கிலோமீட்டர் உள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

நடையை அடைத்த வீடு

இனி யானை. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும், 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரே காடு ஒரு கூட்டத்தை வருஷம் முழுக்கத் தாங்காது. ஆகவே மழையையும் புல்லையும் தொடர்ந்து அது நடந்துகொண்டே இருக்கும். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் என்று நாம் எல்லைக்கல் நட்டுப் பெயர் வைத்திருப்பதெல்லாம் யானைக்கு ஒரே வீட்டின் அறைகள். உலகிலேயே ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது. அறைகளையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு நடையில் மட்டும் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சீகூரில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மசினகுடி. தெற்கே சுவர் மாதிரி எழும் நீலகிரிச் சரிவு. வடக்கே மாயார் ஆறு அறுத்துப்போட்ட ஆழமான பள்ளத்தாக்கு. சரிவில் யானைக் கூட்டம் ஏற முடியாது, பள்ளத்தாக்கில் இறங்க முடியாது. நடுவில் இருக்கும் சீகூர் பீடபூமிதான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே அதற்குள்ள நடை. இதைத்தான் வழித்தடம் என்கிறோம். ஆனால் நல்ல ரோடும், இதமான காற்றும், ஜன்னலைத் திறந்தால் மானும் உள்ள இடத்தை ரிசார்ட் போடுகிறவர்கள் விடுவார்களா? பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று வரிசையாகக் காட்டேஜ்கள் முளைத்தன.

"என் ரிசார்ட் ஐந்து ஏக்கர்தான், சுற்றி ஆயிரக்கணக்கில் காடு இருக்கிறதே" என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து ஏக்கரைச் சுற்றி மின்வேலி இருக்கிறது. வேலிக்கு வெளியே விளக்கு வெளிச்சம் விழுகிறது. அதையும் தாண்டி ஜெனரேட்டர் சத்தமும், நாய் குரைப்பும், கேம்ப் ஃபயரைச் சுற்றிய பாட்டும் போகின்றன. குட்டியோடு வரும் யானைக் கூட்டம் அந்த வட்டத்தையும் சேர்த்துத்தான் ஒதுக்கும். பக்கத்தில் இன்னொரு ரிசார்ட் வந்து, அதன் வட்டமும் இதன் வட்டமும் தொட்டுக்கொண்டால் நடுவில் உள்ள காடு காகிதத்தில் மட்டும்தான் காடு. கூட்டம் சுற்றிப் போகும். சுற்றிப் போகிற வழியில் யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டம் இருக்கும், நஷ்டம் அவருக்கு.

தமிழக அரசு 2010-ல் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. ரிசார்ட் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கும் வேலை தொடங்கியது. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்பானது. தனிப்பட்டவர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் போட்டார்கள். ஒரு நடையைத் திறந்து வைக்கலாமா என்று முடிவாகவே பத்து வருஷம் ஆகிவிட்டது.

அடைப்பு என்றால் ரிசார்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலாப்பழ சீசனில் யானைகள் சமவெளியிலிருந்து, மேட்டுப்பாளையம்–குன்னூர் வழியில் உள்ள பர்லியார் பக்கம் ஏறி வருவது வழக்கம். அந்த வழியில் மலை ரயில் பாதையை ஒட்டித் தடுப்புச்சுவர் கட்டினார்கள். மண் சரியக்கூடாது என்று கட்டியதுதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. 2022-ல் ஒரு யானைக் கூட்டம் அந்தச் சுவரைத் தாண்ட வழி தெரியாமல் தண்டவாளத்தில் தடுமாறும் வீடியோ பரவிய பிறகு சுவரை இடித்தார்கள். கட்டுவதற்கு முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரைக் கேட்டிருந்தால் யானை எங்கே கடக்கும் என்று கையை நீட்டிக் காட்டியிருப்பார்.

எச்சில் சோற்றில் தொடங்குகிற கணக்கு

அடுத்தது சாப்பாடு. ஊருக்குள் விலங்கு வருவதற்கு இதைவிட எளிய காரணம் இல்லை. நாள் முழுக்க அலைந்து தேடுகிற சத்து ஒரு குப்பைத்தொட்டியில் பத்து நிமிடத்தில் கிடைக்கிறது என்றால் எந்த விலங்கும் காட்டுக்குத் திரும்பிப் போகாது.

கோத்தகிரி, குன்னூர் பக்கக் கரடிகளைப் பாருங்கள். கறையானும் தேனும் பழமும் தின்ன வேண்டிய கரடி, கோயில் கதவைத் தள்ளிக்கொண்டு போய் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கிறது. எண்ணெய் என்பது சுத்தமான கொழுப்பு. குளிர் மலையில் வாழும் விலங்குக்கு அதைவிட லாபமான பண்டம் இல்லை. கரடி ஒரு தடவை ருசி கண்டால் கதவு, பூட்டு, ஓடு எல்லாம் அதற்கு வெறும் தடை. எண்ணெயை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் போதும், கதவு பிழைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது கரடிக்கு டியூஷன் எடுக்கிற வேலை.

குரங்குக்குச் சிப்ஸ் போடுவதும் அதே டியூஷன்தான். கொண்டை ஊசி வளைவில் கார் நின்றால் குரங்கு வரும், குரங்கு வந்தால் கார் நிற்கும். கடைசியில் குரங்கு டயருக்கு அடியில் போகும், இல்லாவிட்டால் குழந்தையின் கையைக் கடிக்கும்.

குப்பையின் விளைவு நேராக மட்டும் வருவதில்லை. ஓட்டல் மிச்சம் கொட்டுகிற இடத்தில் தெருநாயும் காட்டுப்பன்றியும் பெருகும். நாய் பெருகிய இடத்துக்குச் சிறுத்தை வரும். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம், அடியில் நிழல், பகலில் படுத்துக்கொள்ள ஏற்ற மறைவு. தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடு நூறடி தள்ளி. சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது, கூண்டு வையுங்கள் என்று மனு கொடுப்போம். ஒன்றைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். கூண்டு வைக்கச் செலவழிக்கிற அக்கறையில் பாதியைக் குப்பை வண்டிக்குக் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

விலங்கு மனிதனைக் கண்டு பயப்படாமல் போவதைப் பழக்கமாதல் என்பார்கள். பயணிக்கு அது சாதுவாகத் தெரியும். உண்மையில் அந்த விலங்கின் ஆயுள் குறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மசினகுடியில் ஊர்ப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்த ஒரு யானை மீது, தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை வீசினார்கள். 2021 ஜனவரியில் அந்த யானை இறந்தது. காதில் தீயோடு அது ஓடிய வீடியோ நாடு முழுக்கப் போனது. வீசியவர்களைக் கைது செய்தார்கள், விடுதிக்குச் சீல் வைத்தார்கள். காட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லாத ஊரில் இப்படி ஒரு ராத்திரி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

தொடாமலே செய்கிற கெடுதல்

நான் மரம் வெட்டவில்லை, குப்பை போடவில்லை, சும்மா நடந்துதானே போகிறேன், அதனால் என்ன என்று ட்ரெக்கிங் போகிறவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் அமெரிக்காவில், கொலராடோவின் வெய்ல் என்ற பனிச்சறுக்கு ஊர்ப் பக்கம் கிடைத்தது. 1990-களில் அங்கே எல்க் என்னும் பெரிய மான்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கன்று ஈனும் பருவத்தில், கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிய பெண் மான்களை நோக்கி ஆட்கள் நடந்து போனார்கள். துப்பாக்கி இல்லை, நாய் இல்லை. மான் எழுந்து நகரும் வரை நடந்தார்கள், அவ்வளவுதான். தொல்லை பட்ட கூட்டத்தில் தாய்களுக்குக் கன்றுகள் குறைந்தன. நடப்பதை நிறுத்திய பிறகு கன்றுகளின் கணக்கு பழையபடி ஏறியது. தாய் ஒவ்வொரு முறை எழுந்து ஓடும்போதும் மேய்ச்சல் போகிறது, பால் குறைகிறது, மறைத்து வைத்த கன்று தனியே கிடக்கிறது.

மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருஷந்தோறும் மூடுவது இதனால்தான். அந்தச் சமயத்தில் போய் ஏமாந்து திரும்பியவர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பூங்கா செய்வது சரி.

விலங்கு மனிதனைத் தவிர்க்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: நேரத்தை மாற்றிக்கொள்வது. ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை, மனித நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் பகலை விட்டு இரவுக்கு நகர்வதைக் காட்டியது. பகல் நமக்கு, ராத்திரி அவற்றுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை. சரி, அப்படியாவது இருக்கட்டும் என்றால், மசினகுடி பக்கம் திருட்டுத்தனமாக நடக்கும் நைட் சஃபாரி அந்தப் பாகத்திலும் கை வைக்கிறது. வனத்துறை அபராதம் போடுகிறது, ஜீப்பைப் பிடிக்கிறது. ஆனாலும் கேட்க ஆள் இருக்கும்வரை ஓட்ட ஆள் இருக்கும். கண்ணில் ஸ்பாட்லைட் அடித்ததும் மான் உறைந்துபோய் நிற்கும். ஜீப்பில் இருப்பவர் அதைப் பார்த்து, எவ்வளவு அழகாக போஸ் கொடுக்கிறது என்பார்.

தெருவில் தெரிபவையும் தெரியாதவையும்

இப்போது காட்டெருமைக்குத் திரும்பலாம். மலை ஊர் பெருகும்போது எல்லா விலங்கும் ஒரே மாதிரி நஷ்டப்படுவதில்லை. எதையும் தின்று எங்கும் ஒண்டிக்கொள்ளும் காட்டுப்பன்றி, நாட்டுக் குரங்கு, சிறுத்தை போன்றவை ஊர் ஓரத்தில் சமாளித்துக்கொள்ளும். உயரமான புல்வெளி மட்டும் வேண்டும் என்கிற வரையாடும், சோலைக்குள்ளேயே வாழும் நீலகிரிச் சிரிப்பான் போன்ற பறவைகளும் சத்தமில்லாமல் குறையும். முதல் ரகத்தைத் தினமும் பார்க்கிறோம். இரண்டாம் ரகம் கண்ணில் படாததால் இல்லாமல் போவதும் தெரிவதில்லை. தெருவில் நிறைய விலங்கு தென்படுவதை வைத்துக் காட்டின் உடல்நலத்தைக் கணிக்க முடியாது.

காட்டெருமைக்கே கூட ஊர் முழு லாபம் இல்லை. புல்லும் கேரட் தோட்டமும் கிடைக்கின்றன, புலி இல்லை. ஆனால் மூடாத செப்டிக் டேங்க் குழியும் கம்பி வேலியும் இருக்கின்றன. முக்கால் டன், ஒரு டன் எடையுள்ள விலங்கு குழியில் விழுந்தால் ஜேசிபி கொண்டுவந்து மண்ணைச் சரித்துத்தான் வெளியே விட வேண்டும். குன்னூர்வாசிகள் காட்டெருமை எதிரில் வந்தால் ஒதுங்கி நின்று, அது போன பிறகு நடப்பார்கள். செல்ஃபிக்காக முதுகைக் காட்டி நிற்பது வெளியூர்க்காரர்தான்.

எங்கே, எப்போது

சுற்றுலாவையே நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது. மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறவருக்கும், காட்டேஜில் சமைக்கிற அம்மாவுக்கும் அதற்குப் பிறகு என்ன வேலை என்று சொல்வதுதான் கஷ்டம். என்னைக் கேட்டால், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்குச் சமமாக, எங்கே தங்குகிறார்கள், எந்த நேரத்தில் நடமாடுகிறார்கள் என்பதும் முக்கியம். நடக்கக்கூடிய தீர்வுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டவைதான்.

பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், ஊருக்குப் பக்கத்தில் போகும் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டு, விலங்குகள் ரோட்டைக் கடக்க மேலும் கீழுமாக 40-க்கு மேற்பட்ட கடவைகள் கட்டினார்கள். வாகனத்தில் விலங்கு அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அங்கேயும் வேலிதான், ஆனால் அந்த வேலி விலங்கைக் கடவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

நம் பக்கத்தில் வால்பாறை. அங்கே யானையால் இறந்தவர்களில் பலர், அருகில் யானை நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்து போனவர்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து, யானை எங்கே இருக்கிறது என்பதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பத் தொடங்கியது. உயரமான இடங்களில் செல்போனால் எரிய வைக்கும் சிவப்பு விளக்குகளும் வைத்தார்கள். விளக்கு எரிந்தால் சுற்று வட்டாரத்தில் யானை என்று அர்த்தம். கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர் பார்த்துவிட்டு நின்றுகொள்வார். சாவுகள் குறைந்தன. யானையை விரட்டவில்லை, வேலி போடவில்லை. அதே ஊரில் சிங்கவால் குரங்குகளுக்கு ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலமும் கட்டிவைத்தார்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீசனில் ஊட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் வருவதாகக் கணக்கு வந்ததும் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவந்தது அது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தது. நெரிசலுக்கு அது உதவும், புகைக்கும் உதவும். ஆனால் உச்சவரம்பு வாகனத்துக்குத்தான். உள்ளே வந்தவர் ஊர் நடுவில் ரூம் எடுத்தாலும் காட்டு விளிம்பில் எடுத்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

அந்த வித்தியாசம் ரூம் போடுகிறவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை புக்கிங்குக்குப் போன் செய்யும்போது நாலு கேள்வி கேளுங்கள்: சுற்றி என்ன வேலி, இரவு வெளி விளக்கை அணைப்பீர்களா, சமையல் குப்பை எங்கே போகிறது, ராத்திரி ஜீப் ஏற்பாடு உண்டா. கடைசிக் கேள்விக்கு "உண்டு சார், கண்டிப்பா யானை காட்டறோம்" என்று பதில் வந்தால், வேறு ரூம் பாருங்கள்.